அப்பா பட்ட கஷ்டம் தண்டனை என்றால், மகள் பிறந்தது பரிசா?

தேரடிக்காரன்
வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. திருவொற்றியூரில் இருக்கிறேன். ஆவணியில் அப்பா போய்விட்டார், புரட்டாசியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. சாவுத் தீட்டு கழிந்து மூச்சு விடுவதற்குள் பிறப்புத் தீட்டு. இரண்டுக்கும் கோயிலுக்குப் போகக் கூடாது என்றார்கள். தெருவில் நின்றாலே கோபுரம் தெரியும், ஆனால் உள்ளே போகவில்லை.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது, சில வருடங்களாக டயாலிசிஸ். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நோயில் வலியைவிடப் பெரிய கொடுமை தாகம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு போட்டுவிடுவார்கள். மீறிக் குடித்தால் கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், படுக்க முடியாது. கத்திரி வெயிலில் ஒரே ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, கடிக்காமல், கரைந்துவிடப் போகிறதே என்று இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக ஒதுக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். கடைசி மாதங்களில் அவர் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க மாட்டேன், அங்கேதான் விரலை வைப்பேன்.

காரியத்தன்று ஒரு உறவினர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "போன ஜென்மத்துல தாகம்னு வந்தவனுக்குத் தண்ணி குடுக்காம விரட்டியிருப்பாரு, அதான் இப்படி" என்றார். அவருடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான்.

இப்போது வருகிறவர்களெல்லாம் "அப்பாவே வந்து பிறந்திருக்கார்" என்கிறார்கள். பெண் குழந்தை, சரி, பரவாயில்லையாம். இன்னொரு நண்பர், "இன்பம் துன்பம் ரெண்டையும் சமமா எடுத்துக்கோ, கீதையில அதான் இருக்கு" என்கிறார். என்னால் அது முடியவில்லை. குழந்தை முகத்தைச் சுளித்தால்கூடச் சிரிப்பு வருகிறது, வந்த கையோடு கண் அப்பா படத்துக்குப் போகிறது, ஏதோ துரோகம் செய்தது மாதிரி இருக்கிறது. நான் கேட்பது இதுதான். நம் மதம் துன்பத்தைத் தண்டனை என்றுதான் சொல்கிறதா? அப்படியானால் இன்பம் பரிசா? ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து இரண்டையும் அனுப்புகிறவர் எப்படிப்பட்டவர்? படித்தவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், அது நிறைய வந்துவிட்டது.

காசிமேட்டான்
தம்பி, முதலில் அந்த உறவினரை வருஷத் திதிக்குக் கூப்பிடாதே. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

பெரம்பூர் ரயில்
சார், நான் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவன், கொஞ்சம் கீதை வாசிப்பேன், பண்டிதன் கிடையாது. உங்கள் நண்பர் சொன்னது பாதி. "சுக துக்கே சமே க்ருத்வா" என்று 2ஆம் அத்தியாயத்தில் 38ஆம் சுலோகம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது யாரிடம், எப்போது சொன்னது? போர்க்களத்தில், வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவனிடம், "ஜெயிப்போமா தோற்போமா என்று கணக்குப் போடாமல் உன் வேலையைச் செய்" என்கிற இடம் அது. அப்பா செத்தவனை அழாதே என்று சொன்ன இடம் இல்லை. அர்ஜுனன் அழுது புலம்புகிற முதல் அத்தியாயம் முழுவதையும் கிருஷ்ணன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான், அந்த அத்தியாயத்துக்கு வைத்திருக்கிற பெயரே அர்ஜுன விஷாத யோகம், விஷாதம் என்றால் துயரம். இரண்டாம் அத்தியாயத்தில்தான் பதில் ஆரம்பம்.

சமபாவம் பேசுகிறவர்கள் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு சுலோகம் 6ஆம் அத்தியாயம் 32. தன்னை வைத்தே எல்லாவற்றையும் பார்த்து, பிறருடைய சுகத்தையும் துக்கத்தையும் தன்னுடையதாக எண்ணுகிறவன்தான் மேலான யோகி என்கிறது அது. 12ஆம் அத்தியாயத்தில் "சம துக்க சுக" என்று வருகிற அதே சுலோகத்தின் ஆரம்பத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? எவ்வுயிரையும் வெறுக்காதவன், நட்புள்ளவன், கருணையுள்ளவன். அதாவது சமமாக எடுத்துக்கொள்வது நமக்கு வருவதை. அடுத்தவருக்கு வருவதைச் சமமாக எடுத்துக்கொள் என்று எங்கேயும் இல்லை. உங்கள் அப்பாவின் தாகம் அவருக்கு வந்தது, நீங்கள் அதற்குத் துடித்தீர்கள். அதில் கீதைக்கு விரோதமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தேரடிக்காரன்
நன்றி சார். இது புதுசாக இருக்கிறது. ஆனால் கர்மா பற்றிச் சொல்லவில்லையே.

கேள்விக்குறி
சொல்ல மாட்டார்கள் தோழர், சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். நான் நம்பிக்கை இல்லாதவன், முன்னாடியே சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வரவில்லை. சிறுநீரகம் போனதற்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், அளவில்லாமல் விழுங்கிய வலி மாத்திரை என்று காரணம் இருக்கும். அதைச் சொல்லாமல் போன ஜென்மம் என்பது, இருக்கிறவர்கள் கையைக் கழுவிக்கொள்வதற்குக் கண்டுபிடித்த வசதி. கஷ்டப்படுகிறவன் வாயை அடைக்கவும் ஆகும், உதவி செய்யாதவன் தூங்கவும் ஆகும்.

எண்ணூர் காற்று
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். டிசம்பர் 2023இல் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் வந்ததே, நினைவிருக்கிறதா? படகு, வலை, அலையாத்தி மரத்தின் அடிமரம் எல்லாம் கறுப்பு. தண்ணீருக்குள் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற ஜனங்கள் எங்கள் பக்கம் உண்டு, அவர்கள் எங்கே போய் உட்காருவார்கள்? எங்கள் ஆட்கள்தான் மக்கிலும் வாளியிலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். அப்போதும் ஒரு பெரியவர் "எல்லாம் நம்ம கர்மா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் சாமி கும்பிடுகிறவள்தான், ஆடியில் கூழ் ஊற்றுகிறவள்தான். ஆனால் கொட்டியவன் ஒருத்தன் இருக்கும்போது கர்மாவை ஏன் இழுக்க வேண்டும்?

வண்ணை வாசகி
வண்ணாரப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவள், தேவாரம் வகுப்பும் எடுப்பதுண்டு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்ப் பெண்ணே, நீ சொன்னதற்குப் பழைய நூல்களிலேயே இடம் இருக்கிறது. துன்பத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். தன் உடம்பாலும் மனசாலும் வருவது ஆதியாத்மிகம், பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம், மழை, இடி, புயல் என்று தெய்வத்தின் பெயரில் போடுவது ஆதிதைவிகம். மந்திரம் முடிக்கும்போது சாந்தி, சாந்தி, சாந்தி என்று மூன்று தடவை சொல்வது இந்த மூன்றும் அடங்கட்டும் என்றுதான் என்பார்கள். உங்கள் ஊருக்குப் புயல் வந்தது மூன்றாவது. எண்ணெய் வந்தது இரண்டாவது. அதில் கொட்டியவனுக்கு வினை ஏறுகிறது என்பதையும் சேர்த்துத்தான் கன்மக் கொள்கை சொல்கிறது, அந்தப் பாதியை யாரும் மைக் பிடித்துச் சொல்வதில்லை.

கேள்விக்குறி கேட்டதற்கு வள்ளலாரே பதில் எழுதியிருக்கிறார். ஏழு கிணறு வீராசாமி பிள்ளை தெருவில் வளர்ந்தவர், அங்கிருந்து ஒற்றியூருக்கு நடந்தே போய் வடிவுடையம்மனைப் பாடியவர், நம்ம ஏரியா ஆள். ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் தானே ஒரு கேள்வியை எழுப்புகிறார். முன் செய்த வினைக்காகத்தான் ஒருவன் பட்டினி கிடக்கிறான், அது கடவுள் ஆணை என்றால், அவனுக்குச் சோறு போடுவது அந்த ஆணைக்கு விரோதம் ஆகாதா? ஆகாது என்கிறார். கொடிய குற்றம் செய்து விலங்கு மாட்டிச் சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகர்களைக் கொண்டு சோறு போடத்தான் செய்கிறான் இல்லையா, அதுபோல என்கிறார். அதாவது அவன் ஏன் கஷ்டப்படுகிறான் என்கிற கேஸ் கட்டைப் பிரிக்கிற வேலை நமக்கு இல்லை, சோற்றைக் கொண்டுபோய் வைக்கிற வேலைதான் நமக்கு. சீவர்களுக்கு வரும் துன்பங்கள் என்று அவர் ஒரு வரிசை போடுகிறார், பசி, கொலை, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் என்று. தாகம் அதில் தனியாக இருக்கிறது தேரடிக்காரரே. வடலூரில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அந்த உறவினர் பந்தியில் பேசிய தத்துவத்தை வள்ளலார் ஏற்றுக்கொண்டிருந்தால் அந்த அடுப்பை மூட்டியே இருக்க மாட்டார்.

என் கருத்து, கர்மா என்பது ஒருவன் தன்னைப் பற்றித் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கணக்கு. அதை அடுத்தவன் வாசலில் போய் வாசிக்க யாருக்கும் உரிமை இல்லை.

கேள்விக்குறி
டீச்சர், வள்ளலார் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்த உதாரணத்திலேயே பசித்தவன் குற்றவாளியாகத்தானே இருக்கிறான்? சோறு போடு, ஆனால் அவன் கைதிதான் என்று. அது இடிக்கிறது.

வண்ணை வாசகி
இடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கேள்வி கேட்டவன் வாயாலேயே அவனை மடக்குகிற வாதம் அது. "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்று பாடியபோது அவர் பயிரிடம் போன ஜென்மம் கேட்கவில்லை.

கன்டெய்னர்க்காரர்
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி வரிசையில் நிற்கிறது, நகர்வதாகத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். பட்டினத்தார் கோயில் பக்கத்தில்தான் நிற்கிறேன். காதற்ற ஊசியும் வாராது என்று படித்துவிட்டு அத்தனை சொத்தையும் உதறியவர், கோவணத்தோடு சுற்றியவர், பேய்க்கரும்பு தித்தித்த இடத்தில் அடங்கினார் என்று இங்கேதான் சமாதி. அப்பேர்ப்பட்டவர் அம்மா செத்தபோது என்ன செய்தார்? சும்மா போகவில்லை. பச்சை வாழை மட்டையை அடுக்கி, பாட்டாலேயே தீ மூட்டினார் என்பார்கள். "அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு" என்று வாய்க்கரிசி போடக் கை வராமல் அழுதிருக்கிறார். எங்க அப்பாவை எரித்தபோது பண்டாரம் அந்தப் பாட்டைத்தான் பாடினார், அதுவரை கல்லு மாதிரி நின்ற எங்க பெரியண்ணன் அங்கே உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் விட்ட சாமியாரே அந்த அழுகையை விடவில்லை, நீ சம்சாரி, பொண்டாட்டி பிள்ளை உள்ளவன், உனக்கு என்ன சமபாவம். அழு. வண்டி நகருது.

காசிமேட்டான்
அண்ணன் சொன்னதுக்கு மேலே ஒண்ணு. எங்க பக்கம் பெரிய சாவு என்றால் கல்யாணச் சாவு என்போம். டோலக் வைத்து விடிய விடிய கானா பாடுவார்கள், போனவர் பெயரைச் சொல்லி, அவர் யாருக்கு என்ன செய்தார், எந்தப் படகில் போனார், யாரோடு சண்டை போட்டார், எல்லாம் பாட்டில் வரும். நடுவில் ஒரு வரியில் எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த வரியில் பொம்பளைங்க மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். எடுக்கும்போது பட்டாசு, ரோடெல்லாம் பூ. டிராஃபிக்கில் மாட்டியவர்கள் ரவுடிப் பசங்க என்று திட்டிவிட்டுப் போவார்கள். போகட்டும். சிரிப்பையும் அழுகையையும் தனித்தனி நாளுக்கு ஒதுக்கி வைக்கணும் என்று எங்க ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மாசியில் சிவராத்திரிக்கு அடுத்து மயானக் கொள்ளை பார்த்திருக்கிறாயா? அங்காளம்மன் சுடுகாட்டுக்கே போவாள். அங்கே சுண்டல், கொழுக்கட்டை, காய்கறி எல்லாம் படைத்துச் சூறை விடுவார்கள், அதைப் பிடிக்கப் பிள்ளை இல்லாதவர்கள் முந்தானையை விரித்து நிற்பார்கள். பிணம் எரித்த மண்ணில் நின்றுகொண்டு பிள்ளை வரம் கேட்கிறார்கள் தம்பி. உன் வீட்டில் நடந்தது அவ்வளவுதான். சாவும் பிறப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது தப்பில்லை. நீ கடல்காரன் வீட்டில் பிறந்திருந்தால் இது உனக்குப் புதுசாகவே இருந்திருக்காது, ஒரே தெருவில் ஒரு வீட்டில் சங்கு, இன்னொரு வீட்டில் மேளம் என்று சின்ன வயசிலிருந்தே பார்த்திருப்பாய்.

மணலிக்காரர்
அப்பாவே வந்து பிறந்திருக்கிறார் என்று நம்பினால் என்ன நஷ்டம்? நம்பிவிட்டுப் போங்கள். மறுபிறவி உண்டு என்பது நம் சாஸ்திரம்தானே.

தேரடிக்காரன்
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பா ஆவணியில் போனார், குழந்தை அதற்கு முன்பே எட்டு மாதமாக வயிற்றில் இருந்தாள். அப்பா தன் கையாலேயே என் மனைவிக்கு மாங்காய் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். கணக்கு எங்கேயோ உதைக்கிறது. இதைவிட முக்கியமாக, அவள் அவளாகவே இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

பெரம்பூர் ரயில்
சரியாகச் சொன்னீர்கள். ஆத்மா எங்கே போயிற்று என்று நமக்கு யார் சொல்ல முடியும்?

துக்கத்தைப் பற்றியே எல்லோரும் எழுதிவிட்டார்கள். சந்தோஷத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் படுவது, உங்களுக்குப் பிரச்சினையே சந்தோஷத்தில்தான். பெரியாழ்வாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாளை நேரில் பார்த்தவுடன் மனுஷன் என்ன செய்தார்? மோட்சம் கேட்கவில்லை. ஐயோ, இந்த அழகுக்குக் கண் பட்டுவிடுமே என்று பயந்து, பல்லாண்டு பல்லாண்டு என்று கடவுளுக்கே காப்புப் பாடினார். அளவுக்கு மீறிய சந்தோஷம் வந்தால் கூடவே ஒரு பயமும் வரும், அது உங்களுக்கு மட்டும் இல்லை. அந்தப் பயத்தை அவர் துரத்தவில்லை, அதையே வாழ்த்தாக மாற்றிக்கொண்டார். நம் வீட்டுப் பாட்டிகள் குழந்தைக்குக் கன்னத்தில் மை வைப்பதும் அதே சமாச்சாரம்தான் என்பேன்.

இன்னொன்று, குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் "ஆலை நீள் கரும்பு அன்னவன் தாலேலோ" என்று ஒரு பத்து. கேட்டால் தாலாட்டு. பாடுகிறவள் தேவகி. பெற்றவள், ஆனால் ஒரு நாள்கூடத் தொட்டிலில் போட்டு ஆட்டாதவள். யசோதைக்குக் கிடைத்ததெல்லாம் எனக்குக் கிடைக்கவில்லையே, தாயரில் கடையாயின தாய் நான் என்று தாலாட்டிலேயே புலம்புகிறாள். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே மூச்சில். உங்கள் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடும்போது அப்பா நினைவு வந்து தொண்டை அடைத்தால், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அதற்குப் பாட்டு எழுதி வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குறி
இது நல்லா இருக்கு சார். நம்பாதவனுக்கும் வேலை செய்கிறது.

வண்ணை வாசகி
இன்பம் பரிசா என்று கேட்டீர்களே, அதற்குச் சைவ சித்தாந்தம் தருகிற பதில் கொஞ்சம் கசப்பு. நல்வினை, தீவினை இரண்டுமே கட்டுதான் என்கிறது. நல்வினைக்கு வந்த இன்பத்தில் ஒருவனுக்கு ஆணவம் தடித்தால் அது தீவினையைவிட மோசம். இரண்டின் பலனும் வரும்போது ஒன்றில் விருப்பும் மற்றதில் வெறுப்பும் இல்லாத பக்குவத்தை இருவினை ஒப்பு என்பார்கள், திருவருள் பதிவது அதற்கு அப்புறம். ஆனால் அது பல பிறவி பழுத்து வருவது, துக்க வீட்டில் உட்கார்ந்து பதினாறாம் நாளுக்குள் வரவழைக்க வேண்டியது இல்லை. ஊழ் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு கேள்வி கேட்கிறார், நல்லது வரும்போது நல்லது என்று அனுபவிக்கிறீர்களே, அல்லாதது வரும்போது மட்டும் ஏன் புலம்புகிறீர்கள் என்று (379). திருக்குறளை இந்து நூல் என்று சொல்லி இங்கே யாரும் சண்டையை ஆரம்பித்துவிடாதீர்கள், எல்லோரும் படிக்கிற நூல் என்பதால் சொன்னேன். எனக்கு அந்தக் குறளில் பிடித்ததே முதல் பாதிதான். நல்லது வரும்போது நல்லதாகக் காண்கிறவர்கள் என்பதை அவர் தப்பு என்று சொல்லவில்லை.

இனி, நீங்கள் திருவொற்றியூர்க்காரர் என்பதால் சுந்தரரைச் சொல்லாமல் விடக்கூடாது. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கிலியாரைக் கட்டிக்கொள்ளும்போது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூரில் வசந்த விழா நினைவு வந்தது, கிளம்பினார், ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. இது தண்டனைதான், சந்தேகமே இல்லை. அவரே காரணம் என்பதும் அவருக்குத் தெரியும். சரி, அப்படித் தெரிந்தவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று நம் பந்தி உறவினர் சொல்வார்? வாயை மூடிக்கொண்டு அனுபவி என்பார். சுந்தரர் அங்கேயே ஒரு பதிகம் பாடுகிறார். மூன்று கண் உடையவனே, அடியேன் கண்ணைப் பிடுங்குவதுதான் உன் கணக்கு வழக்கு என்றால் ஊன்றுகோலாவது ஒன்று கொடு என்கிறார். "கணக்கு வழக்காகில்" என்றே வருகிறது, கடன்காரனிடம் பேசுகிற பேச்சு. மூன்று கண் வைத்திருக்கிறாயே என்பது குத்தல்.

தட்டுத் தடுமாறி வெண்பாக்கம் போகிறார். கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். ஊன்றுகோல் கிடைத்தது, உள்ளேயிருந்து "உளோம் போகீர்" என்று பதில் வந்தது. இருக்கிறோம், நீர் போம். எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் பாருங்கள். பூண்டி ஏரி 1944இல் வந்தபோது அந்தப் பழைய கோயில் இருந்த இடம் ஏரிக்குள் போய்விட்டது, பக்கத்தில் இடம் மாற்றிக் கட்டினார்கள். நமக்குக் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு அந்த இடத்தைத் தாண்டித்தான் வருகிறது. துன்பத்தில் ஆன்மிகம் என்றால் எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை, ஒரு கோல் கிடைத்தது, நடக்க முடிந்தது, கோபமும் போகவில்லை, பேச்சும் அறுந்துபோகவில்லை. உங்கள் அப்பாவின் தாகத்துக்குக் காரணம் என்ன என்று அவனிடமே போய்ச் சண்டை போடுங்கள். அந்த ஊர்க் கோயிலில் அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

தேரடிக்காரன்
டீச்சர், இதை இரண்டு தடவை படித்தேன். பிறந்ததிலிருந்து அந்த மகிழ மரத்தைச் சுற்றி வருகிறேன், மகிழடி சேவைக்குக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன், சத்தியம் செய்த கதை மட்டும்தான் தெரியும், சண்டை போட்ட கதை தெரியாது. தீட்டு கழிந்தாயிற்று, கார்த்திகைப் பௌர்ணமிக்கு மூலவர் மேல் இருக்கிற கவசம் திறக்கும்போது போகலாம் என்றிருக்கிறேன்.

இன்னொரு நடைமுறைச் சந்தேகம். ஒரு வருஷத்துக்கு வீட்டில் நல்லது எதுவும் செய்யக் கூடாது என்கிறார்கள். அப்படியானால் குழந்தைக்குத் தொட்டில் போட்டுப் பெயர் வைப்பது?

பெரம்பூர் ரயில்
கல்யாணம், கிரகப்பிரவேசம் மாதிரி நாமாக ஏற்பாடு செய்து கூட்டுகிற விசேஷங்களைத் தான் தள்ளிப்போடுவார்கள். குழந்தைக்குப் பெயர் வைக்காமல் தலைத் திவசம் வரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? எங்கள் வீட்டில் ஆடம்பரம் இல்லாமல் வைத்தோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், வழக்கம் வீட்டுக்கு வீடு மாறும்.

காசிமேட்டான்
வை தம்பி. உங்க அம்மா மடியில் குழந்தையைப் போட்டு அவங்களையே காதில் பெயர் சொல்லச் சொல்லு. இந்த வீட்டில் ரொம்ப இழந்தது அவங்கதான், இத்தனை பேர் எழுதியதில் அவங்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேரடிக்காரன்
உண்மை அண்ணா. அம்மா இப்போதும் தண்ணீரை அளந்துதான் குடத்திலிருந்து எடுக்கிறார். கை பழக்கம். இந்த விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எண்ணூர் காற்று
டீச்சர், ஒரு கேள்வி பாக்கி. சுந்தரருக்குக் கண் திரும்ப வந்ததா? அதைவிட, சங்கிலியார் என்ன ஆனார்? சத்தியத்தை மீறிவிட்டுப் போனவர் பாடிய பாட்டெல்லாம் திருமுறையில் இருக்கிறது. விட்டுவிட்டுப் போன பெண் என்ன பாடினாள்?

வண்ணை வாசகி
இடது கண் காஞ்சியில் வந்தது. ஒற்றைக் கண்ணோடு திருவாரூர் போய், அங்கே நன்றி சொல்லாமல், அடியார்கள் உள்ளே கனன்று முகம் வாடி அல்லலைச் சொன்னால் நீர் சும்மா இருப்பீர், "வாழ்ந்து போதீரே" என்று பாடினார். நல்லா இருங்கய்யா என்று நாம் எரிச்சலில் சொல்வோமே, அந்தத் தொனி. அப்புறம்தான் வலது கண்.

சங்கிலியார் பாடியதாக ஒன்றும் இல்லை. கயிலையில் அனிந்திதையாக அம்மைக்குப் பணிசெய்தவள், மறுபடி அங்கேயே போய்ச் சேர்ந்தாள் என்று பெரிய புராணத்தில் முடித்துவிடுகிறார் சேக்கிழார். ஒற்றியூரில் அந்தப் பெண் எப்படி இருந்தாள் என்பதற்குப் பாட்டு இல்லை. வகுப்பில் பிள்ளைகள் இதையே கேட்டிருக்கிறார்கள், சிவன்தானே மரத்தடியில் சத்தியம் வாங்கு என்று அவள் கனவில் வந்து சொல்லிக்கொடுத்தார், அப்புறம் ஏன் அவளைத் தனியாக விட்டார் என்று. அதற்கு நான் சொல்லும் பதில் எனக்கே திருப்தியாக இருந்ததில்லை.

எண்ணூர் காற்று
அப்போ அந்த மரத்தடியில் நின்று அதைக் கேட்க வேண்டியதுதான். தேரடிக்காரர் போகிற அன்றைக்கு நானும் வருகிறேன், மெட்ரோவில் தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தானே?

தேரடிக்காரன்
ஆமாம் அக்கா, இறங்கி நடந்தால் வந்துவிடும். கவசம் திறக்கிற அந்த மூன்று நாளும் கூட்டம் இருக்கும், முடிந்தால் காலையில் சீக்கிரம் வாருங்கள். அம்மாவையும் கூட்டிவருகிறேன்.